காலநிலை நிதி வருகிறது. வேலையும் பயிற்சியும் தோட்டத்துக்கு வர வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் நாம் கூட்டம் நடத்தியதில்லை. இன்றும் பேசுவோம். அதற்கு முன் இன்னொரு பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காலநிலை மாற்றத்தின் பேரில் நாட்டுக்குள் வரும் பணம் அது.

காலநிலை மாற்றம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வரட்சியில் கொழுந்து கருகினால் வேலை நாள் குறைகிறது. அடை மழை பெய்தால் மலைக்குப் போக முடியாது, மேல்மண்ணும் கழுவிக்கொண்டு போகிறது. இரண்டிலும் போவது நம்முடைய பேர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்கள்.

பாதிப்பு நமக்கு வந்துவிட்டது. அதைச் சீர்செய்ய வரும் வேலை யாருக்குப் போகிறது?

பசுமைக் காலநிலை நிதியம் என்று ஒன்று இருக்கிறது. தலைமையகம் தென்கொரியாவில். புகையைக் கக்கி வளர்ந்த பணக்கார நாடுகள் அதில் பெரும்பகுதிப் பணத்தைப் போடுகின்றன. 2020இல் அந்த நிதியம் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீரேந்துப் பகுதிக்காக ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் நன்கொடையை அங்கீகரித்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே விவசாயிகளோடு பெருந்தோட்டச் சமூகமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே, காகிதத்தில் நம்மைச் சேர்க்க முடியும் என்பது தெரிகிறது. அடுத்த திட்டங்களில் வேலை, பயிற்சி என்ற பத்திகளிலும் நம்மைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இந்தத் திட்டங்களில் என்ன வேலை இருக்கிறது? சரிவில் கான் வெட்டுவது, கல் கட்டுவது, மண்ணைப் பிடிக்கும் புல்லும் மரமும் நடுவது, நாற்றுமேடை பராமரிப்பது, மழைமானி பார்ப்பது, பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டுவது. இவற்றில் பாதியை நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறோம். மறுநடுகைக்கு முன் மானாவும் குவாத்தமாலா புல்லும் நட்டு மண்ணைத் தேற்றத் தெரிந்தவர்கள் நம் மலையில் இருக்கிறார்கள். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. அதனால் ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து மேசனையும் மேற்பார்வையாளரையும் கொண்டுவருகிறார். நம் பிள்ளைக்குக் கல் சுமக்கும் நாட்கூலிதான் மிஞ்சுகிறது. அந்தப் பிள்ளை கொழும்பில் கடைக்குப் போகிறான். தங்கச்சி வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகிறாள்.

இதற்கு வழி நாட்டிலேயே இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை முறையில், படித்துத்தான் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று இல்லை. அனுபவத்தால் கற்ற திறமையைச் சோதித்தும் சான்றிதழ் தருகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. ஹட்டனில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றையும் காலநிலைப் பணத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டினால் போதும்.

வேறு நாட்டில் செய்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் 1995இல், நீரை உறிஞ்சும் அந்நிய மரங்களை அகற்ற அரசு ஒரு திட்டம் தொடங்கியது. வேலையற்ற ஏழைகளை, குறிப்பாகப் பெண்களை எடுத்து, கூலியோடு பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே ஒரு குறையும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அதையும் பார்த்துத்தான் நாம் கேட்க வேண்டும்.

சங்கத்தின் கோரிக்கைகள் இவை.

முதலாவது, தோட்டப் பகுதியில் நடக்கும் ஒவ்வொரு காலநிலை, மீள்கட்டுமானத் திட்டத்திலும் உள்ளூர்த் தொழிலாளருக்கு ஒரு பங்கு வேலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி நாளுக்குப் பேர் போட வேண்டும். ஒரு நாள் பேரை இழந்து வகுப்புக்குப் போக எந்தத் தாயாலும் முடியாது.

மூன்றாவது, பயிற்சியும் பரீட்சையும் தமிழில் நடக்க வேண்டும். முடிவில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தர வேண்டும். வருகைக்கு ஒரு காகிதம் கொடுத்து அனுப்புவதை ஏற்கமாட்டோம்.

நான்காவது, பெண்களுக்குச் சம இடம். பசுமைக் காலநிலை நிதியம் ஒவ்வொரு திட்டத்துக்கும் பால்நிலைச் செயற்திட்டம் கேட்கிறது. அதைக் காட்டி நம் தலைவிமார் கேள்வி கேட்கலாம்.

ஐந்தாவது, இதைச் சாட்டாக வைத்து எவரையும் செக்ரோலிலிருந்து வெட்டக் கூடாது. ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் தொடர வேண்டும். பயிற்சி சம்பள உயர்வுக்கு மாற்றாகாது. இரண்டும் நமக்கு வேண்டும்.

நீங்கள் தோட்டத்துக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு டிவிஷனிலும் பட்டியல் எடுங்கள். கல் கட்டத் தெரிந்தவர் யார், நாற்றுமேடை தெரிந்தவர் யார், படிப்பை முடித்து வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று எழுதுங்கள். உங்கள் பகுதியில் என்ன திட்டம், எவ்வளவு பணம், ஒப்பந்தக்காரர் யார் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்பதை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பிரதேச சபை உறுப்பினரையும் விடாதீர்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்ற பழைய பதில் 2018இல் வந்த திருத்தத்தோடு முடிந்துவிட்டது.

மலை சரிந்தால் முதலில் போவது நம் லயம். அந்த மலையைக் காக்கும் வேலையிலும் முதல் உரிமை நமக்கே வேண்டும். பட்டியலோடு வாருங்கள், சங்கம் உங்களோடு பேச்சுவார்த்தை மேசைக்கு வரும்.