வடம் பூட்டும் வரை

பாம்பூஃப்ளாட் துறையில் பெர்ரிக்காக நின்ற அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். படகு ஜெட்டியை அணைந்ததும் முன்னும் பின்னும் வடம் பூட்டுகிறார்கள். பூட்டி முடியும் வரை எவரும் இறங்கலாகாது. எதிரே சாத்தம் கரையிலும் இதே முறைதான். அவசரக்காரருக்கு இது பொறுக்காது. ஆயினும் நம் உடலின் உயிரணு இரண்டாகப் பிரியும்போது இதே பொறுமையைத்தான் கைக்கொள்கிறது.

மனித உயிரணு ஒன்றினுள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை 46 குரோமோசோம்களாக அடங்கியுள்ளது. பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கொரு படியைச் செய்துகொள்கிறது. அவ்விரட்டையைக் கோஹீசின் என்னும் புரதம் வளையம்போல் சூழ்ந்து பிணைக்கிறது. காண்டென்சின் என்னும் மற்றொரு புரதமோ, பரதவர் வலைக்கயிற்றை இழுத்துச் சேர்ப்பதுபோல் இழையைக் கண்ணி கண்ணியாக இழுத்துத் தடித்த கோலாக்குகிறது. சுருட்டாத இழையை இழுத்தால் சிக்கும், அறும். நூல்கண்டோடு போராடிய தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. காண்டென்சின் கண்ணி இழுப்பதை விஞ்ஞானிகள் நேரிற் கண்டது 2018இல்தான்.

பின்னர், டியூபுலின் புரதத்தாலான நுண்குழல்கள் இரு முனைகளிலிருந்தும் நீண்டு ஒவ்வோர் இரட்டையையும் பற்றுகின்றன. ஒன்றே ஒன்று பற்றப்படாமல் நின்றாலும் உயிரணு காத்திருக்கும். எல்லாம் பூட்டப்பட்ட பின்னரே செபரேஸ் என்னும் கத்தரிப் புரதம் கோஹீசின் வளையத்தை வெட்டுகிறது. இரட்டைகள் எதிரெதிர்ப் பக்கம் செல்கின்றன.

இனி, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கு வருவோம். கண்வலிக் கிழங்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருள் டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழல்கள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. வடம் இல்லை; ஆகவே குரோமோசோம்கள் சுருண்டபடியே நிற்க, உயிரணு காத்துக்கொண்டே இருக்கும். இந்த நிறுத்தத்தின் துணையால்தான் 1955இல் சுவீடனில் ட்ஜியோவும் லெவானும் மனித குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று எண்ணிக் கண்டனர்.

எண்ணுவோருக்கு உதவிய அதே நிறுத்தம், தின்றவருக்கு நஞ்சு. குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உயிரணுக்கள் ஓயாது பிரிபவை. அவை நின்றுபோனால் வாந்தியும் பேதியும் காணும், சில நாட்களில் இரத்த அணுக்கள் குறையும். வள்ளிக்கிழங்கென்று எண்ணி வேகவைத்துத் தின்று மாண்டவர் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. ஊர் நினைவாக இக்கொடியை வேலியில் படரவிட்டிருப்போர் கிழங்கைக் குழந்தைகளுக்கு எட்டவிடலாகாது. தின்றது தெரிந்தால் வாந்திக்காகக் காத்திராதீர்கள். குறிகள் தோன்றச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் கடலைக் கடந்தேனும் மருத்துவமனை சேர்ந்துவிட வேண்டும்.