சமையலறையும் ஆய்வுக்கூடமும்
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் சங்கத்தின் பணிகளை எடுத்துரைப்பது மரபு. அதற்கு நம்மினும் தகுதி வாய்ந்தோர் இங்குப் பலர் உளர். ஆதலின், நாம் அண்மையில் படித்துச் சிரித்த ஒரு நாவலைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

அமெரிக்க எழுத்தாளர் போனி கார்மஸ் எழுதி, 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 'லெசன்ஸ் இன் கெமிஸ்ட்ரி' என்பதே அந்நூல். 'வேதியியல் பாடங்கள்' என்பது பொருள். அறுபது வயதைக் கடந்தபின் அவ்வம்மையார் வெளியிட்ட முதல் நாவல் இது. காலம் கடந்துவிட்டதே என்று சோர்வோர்க்கு இச்செய்தியே ஒரு பாடம்.

கதை 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் கலிபோர்னியாவில் நிகழ்கிறது. எலிசபெத் ஸாட் என்னும் பெண், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்றிய விதத்தை ஆராய்பவர். தம்மிடம் கொடுமையாக நடந்த பேராசிரியரை எதிர்த்ததால் அவருடைய முனைவர் பட்டக் கனவு சிதைகிறது. பின்னர் ஓர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றுகையில், பீக்கர்கள் வேண்டிப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவரின் கூடத்துக்குச் செல்கிறார். அவரோ இவரை யாரோ ஒருவரின் செயலாளர் என்று எண்ணிவிடுகிறார்!

வாயிலில் நிற்பவரைக் கண்ட அளவிலேயே அவர்தம் வேலை இன்னதென்று முடிவு கட்டும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. தலைமையாசிரியரிடமே வந்து, "தலைமையாசிரியர் எங்கே?" என்று வினவியோரை நாமும் கண்டதுண்டு.

அவ்விஞ்ஞானியே பின்னர் எலிசபெத்தின் உள்ளங்கவர்ந்த துணைவராகி, விபத்தொன்றில் மறைகிறார். மணமாகாமலே கருவுற்றமையால் எலிசபெத் வேலையினின்று நீக்கப்படுகிறார். அவர்தம் ஆய்வை மேலாளர் தம் பெயரில் வெளியிட்டுக்கொள்கிறார். அவரோ அழுதுகொண்டிராமல், சம்மட்டி எடுத்துத் தம் சமையலறையை இடித்து ஆய்வுக்கூடமாக்குகிறார்!

பிறகு வயிற்றுப்பாட்டுக்காகத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறார். இறுக்கமான உடை அணிந்து புன்னகை பூக்கச் சொல்கின்றனர். இவரோ ஆய்வுக்கூட அங்கியுடன் சிரியாமல் நிற்கிறார். உப்பைச் சோடியம் குளோரைடு என்கிறார். விளம்பரம் தருவோரின் டப்பா சூப்பைப் புகழச் சொன்னால், அதனை உண்ணாதிருத்தலே நலம் என்று உரைத்துவிடுகிறார். இதய அறுவை மருத்துவராக விரும்பியதாகக் கூறும் ஓர் இல்லத்தரசியைப் பார்த்து எவரும் நகைக்குமுன், அதற்குப் படிக்கும் வழியை எடுத்துச் சொல்கிறார். சிரிப்பெல்லாம் தடுப்போரை நோக்கியே எழுகிறது. தடுக்கப்பட்டோரை நோக்கி அன்று. அதுவே இந்நூலின் சிறப்பு.

இது கற்பனைதானே என்பீர்கள். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேரச் சென்ற கமலா சோஹோனி அம்மையாரை, பெண் என்ற காரணத்தால் சர் சி. வி. ராமன் சேர்க்க மறுத்தார். அம்மையார் விடவில்லை, ஓராண்டு சோதனை நிபந்தனையுடன் நுழைந்தார். 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். பெண் என்ற ஒரு தடைக்கே இத்துணைப் போராட்டம் எனில், சாதியும் வறுமையும் உடன்சேர்ந்த நம் மகளிர்க்கு எத்துணை!

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'சமையலும் வேதியியலே' என்று சொல்லி, நம் பெண்மக்களை மீண்டும் அடுப்படிக்கே அனுப்பிவிடலாகாது. எலிசபெத்துக்குச் சமையலறை ஆய்வுக்கூடமானது, உண்மையான ஆய்வுக்கூடத்தின் கதவு சாத்தப்பட்டமையால் அன்றோ! புகழின் உச்சியிலேயே தொலைக்காட்சியை விட்டு, முடிவில் ஆய்வுக்கூடத்துக்கே அவர் திரும்புகிறார்.

செய்முறை வகுப்புகளில் நாம் காண்பது யாது? மாணவன் பியூரெட்டைப் பிடிக்கிறான். மாணவி ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைகிறாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவளையும், "செலவாகும், டியூஷன் வைக்க வேண்டும்" என்று வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுகின்றனர். அவளுக்கு அறிவு குறைந்ததன்று, வழி அடைபட்டது.

பெற்றோர்களே! இவ்வாண்டு உங்கள் மகள் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால், மறுமொழி கூறுமுன் ஒருநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியரைக் காணுங்கள். சங்கத்தாரே! உதவித்தொகையில் ஒரு பகுதியை அறிவியல் பயிலும் பெண்களுக்கென ஒதுக்குங்கள். ஆசிரிய நண்பர்களே! பியூரெட்டை அவள் கையில் கொடுங்கள். உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.