கணினிக்கு ஒரு சிறு கூடு

சுவீடன் நாட்டிலே மாலுங் என்னும் சிற்றூரில், 1994 ஆம் ஆண்டு, ஒரு பாடசாலையின் உணவுக்கூடத்திலே இளைஞர் பலர் தத்தம் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து கூடினர். அக்கூட்டத்துக்கு 'டிறீம்ஹாக்' என்ற பெயர் அவ்வாண்டிலேதான் முதன்முதலாக இடப்பட்டது. பின்னர் அது யொன்ஷொப்பிங் நகரத்துக் கண்காட்சி மண்டபத்துக்கு மாறிப் பல்லாயிரவர் திரளும் விழாவாக வளர்ந்தது. வருவோர் கணினியையும், திரையையும், விசைப்பலகையையும், இரவிலே படுப்பதற்கான உறக்கப்பையையும் சுமந்துகொண்டு வருவர். விளையாடும் களிப்பு இரண்டு மூன்று நாளைக்கு. தோள்நோவோ அதற்குப் பின்னும் இருக்கும். கணினியைச் சிறிய கூட்டுக்குள் அடக்கவேண்டும் என்ற ஆசைக்கு இவ்வாறான சுமைகளும் ஒரு காரணமாயின.

அந்நாளிற் கணினிக்கூடு என்பது முழங்காலளவு உயரமான இரும்புப் பெட்டி. அதனுள்ளே பாதிக்கு மேல் வெறும் வெளியே. 1995 இல் இன்டெல் நிறுவனம் வகுத்த 'ஏ.ரி.எக்ஸ்.' அளவின்படி, உறுப்புகளையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. தாய்வானைச் சேர்ந்த வியா நிறுவனம் 2001 இல் 'மினி-ஐ.ரி.எக்ஸ்.' என்னும் சிறிய அளவை அறிமுகஞ் செய்தது. ஒரு பக்கம் 170 மில்லிமீற்றரேயான சதுரப் பலகை அது. விளையாட்டை எண்ணி அதனை வகுத்தாரல்லர். குறைந்த மின்னில் அமைதியாக இயங்கும் சிறு பொறிகளையே எண்ணினர். விளையாடுவோர் அதனைத் தமதாக்கிக்கொண்டது பின்னர் நிகழ்ந்த கதை.

மடியிலே வைக்கும் கணினி இருக்க இத்தனை பாடு எதற்கு என்று நேயர்கள் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். பலருக்கு மடிக்கணினியே போதும். ஆனால் ஒரே பெயரை இரண்டு பொருள்களுக்கு இடும் வழக்கம் இத்துறையில் உண்டு. 2022 இல் வெளிவந்த 'ஆர்.ரி.எக்ஸ். 4090' என்னும் கிராபிக்ஸ் அட்டை மேசைக்கணினியில் 450 வாற்று வரை மின்னை உண்ணும். அடுத்த ஆண்டு அதே எண்ணைத் தாங்கி வந்த மடிக்கணினி உறுப்போ, வேறொரு சிறிய சில்லைக் கொண்டது. அதற்கு அளிக்கப்படும் மின்னும் ஏறக்குறைய 150 வாற்று அளவினதே. அன்றியும், மடிக்கணினியில் அவ்வுறுப்பு பழுதுற்றாலும் பழமையுற்றாலும் அதனை மட்டும் கழற்றி மாற்றுவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. சிறு கூட்டில் வைத்த மேசைக்கணினியின் உறுப்புகளோ ஒவ்வொன்றாக மாற்றத்தக்கவை. மாணவன் ஒருவன் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரே முதலை வைத்துக் காலந்தள்ள நினைத்தால், இவ்வேறுபாடு சிறியதன்று.

கூடு தெரிவதிலே பெரும்பாலோர் முதலிற் பார்ப்பது லீற்றர்க் கணக்கு. 2013 இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி உருவாக்கப்பட்ட 'என்கேஸ் எம்1' ஏறத்தாழ 12.6 லீற்றர். 2016 இல் அதே முறையில் வெளிவந்த ஜேர்மன் வடிவமைப்பான 'டான் ஏ4' 7.2 லீற்றர். 2020 இல் வந்த 'கூலர் மாஸ்டர் என்.ஆர்.200' 18 லீற்றருக்குச் சற்று மேல். சாதாரணப் பெரிய கூடுகள் 40, 50 லீற்றரைத் தொடுவன. இவ்வெண்கள் அழகானவை, ஆனால் ஏமாற்றுவன. ஒரு குடத்தின் கொள்ளளவை அறிந்ததனால் அதன் வாய் வழியே கை நுழையுமா என்பது தெரிந்துவிடாது.

ஒருவன் ஓராண்டு சேமித்த பணத்தில் மேற்கூறிய 4090 அட்டையை அதன் முதல் வடிவத்திலே வாங்குகிறான் என்று கொள்வோம். அதன் நீளம் 304 மில்லிமீற்றர். 'டான் ஏ4' கூடு இடங்கொடுப்பது 295 மில்லிமீற்றருக்கே. ஒன்பது மில்லிமீற்றர், ஒரு சுண்டுவிரலின் தடிப்புக்கூட இல்லாத அளவு, அவனுடைய ஓராண்டுச் சேமிப்பைக் கூட்டுக்கு வெளியே நிறுத்திவிடும். நீளத்தை ஒருவாறு சமாளித்தாலும் தடிப்பிலே அது மூன்று இடுக்குகளைக் கேட்கும். கூட்டிலே இருப்பன இரண்டு. நுண்செயலியின் மேல் அமரும் குளிரூட்டிக்கும் அங்கே 48 மில்லிமீற்றர் உயரமே உண்டு. பெரிய கூடுகளில் நிற்கும் கோபுரக் குளிரூட்டிகள் 160 மில்லிமீற்றர் அளவின. ஆகவே கூட்டை முதலிற் காதலித்து உறுப்புகளைப் பின்னர் தேடுவோர் துன்பப்படுவர். எந்த அட்டை, எந்தக் குளிரூட்டி, எந்த மின்வழங்கி என்று தாளில் எழுதி, ஒவ்வொன்றின் மூன்று அளவுகளையும் குறித்துக்கொண்ட பின்னரே கூட்டின் விலையைக் கேட்கவேண்டும். மின்வழங்கியிலும் 'எஸ்.எஃப்.எக்ஸ்.' எனப்படும் சிறிய அளவு தனியாக உண்டு; இத்தகைய கூடுகளிற் பெரும்பாலானவை அதனையே ஏற்கும். வடங்களை மடித்து வைப்பதற்கும் இடம் வேண்டும் என்பதை அளவு குறிக்கும்போது பலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது வெப்பம். கணினி உண்ணும் மின் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது; விளையாட்டாக வெளிவருவது கண்ணுக்குத் தோன்றும் மாயமே. அட்டைக்கு 450 வாற்று, நுண்செயலிக்கு 100 வாற்று என்று வைத்தாலும், ஆயிரம் வாற்று இஸ்திரிப்பெட்டி ஒன்றின் பாதிக்கு மேற்பட்ட சூடு, ஒரு சப்பாத்துப் பெட்டியளவான இடத்துக்குள் பிறக்கின்றது. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இல்லாவிடின், நுண்செயலி 95 அல்லது 100 பாகையை எட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறிகள் இரையும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. பக்கச் சுவர் கண்ணாடியாயின் பார்வைக்கு நன்று, காற்றுக்கு நன்றன்று. துளையிட்ட உலோகச் சுவரே மேல். சுவீடனின் மாரிகாலத்து அறையும் கொழும்பின் சித்திரை மாதத்து அறையும் ஒன்றல்ல. கூட்டுக்குள் ஏறும் வெப்பம் அறை வெப்பத்தின் மேலேயே ஏறும் ஆதலால், குளிர்நாட்டிலே சோதித்த அளவுகளை இங்குள்ளோர் அப்படியே நம்புதல் தகாது. அட்டை உண்ணும் மின்னின் மேலெல்லையைச் சற்றுத் தாழ்த்தி வைப்பது ஒரு நல்ல உபாயம். வேகத்திற் குறைவது சிறுபங்கு. வெப்பத்திற் குறைவது அதனினும் பெரிது.

இத்தனையும் மேசையில் இருக்கும் பெட்டிக்கே பொருந்தும். தூக்கிச் செல்லும் பெட்டிக்கு வேறொரு சோதனையும் உண்டு; அது குலுக்கம். பழைய முறைக் கூட்டிலே இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட அட்டை, தாய்ப்பலகையின் ஓர் இடுக்கிலும் பின்சுவரின் திருகாணிகளிலும் மட்டும் பற்றிக்கொண்டு அந்தரத்திலே தொங்கும். பேருந்தின் ஒவ்வொரு குழியும் அவ்விடுக்கைத் தட்டும். சிறு கூடுகள் சிலவற்றில் தாய்ப்பலகை ஒரு புறமும் அட்டை மறுபுறமும் முதுகோடு முதுகாக நிற்க, நடுவிலே நாடா போன்ற வடமொன்று இரண்டையும் இணைக்கும். அட்டை தொங்காமற் சட்டத்தோடு ஒட்டிநிற்பதால், பயணத்துக்கு இவ்வமைப்பே சிறந்தது. ஆனால் அவ்வடத்திலே ஒரு சூட்சுமம் இருக்கின்றது. மூன்றாம் தலைமுறை இணைப்புக்கென்று செய்த பழைய வடத்திலே நான்காம் தலைமுறை அட்டையைப் பூட்டினால், திரை இருண்டும் கணினி தடுமாறியும் போகலாம். அட்டை பழுதென்று எண்ணிக் கடைக்கு ஓடுவதற்கு முன், தாய்ப்பலகையின் அமைப்பிலே இணைப்பு வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குத் தாழ்த்திப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதனோடு தீரும்.

விமானத்திற் செல்வோர் நிறையையும் பார்க்கவேண்டும். சாதாரண வகுப்புப் பயணியின் கைப்பைக்கு 7 கிலோகிராமையே எல்லையாக வைத்த நிறுவனங்கள் பல. கூடு, அட்டை, மின்வழங்கி, குளிரூட்டி எல்லாம் கூடினால் அவ்வெல்லை அருகில் வந்துவிடும். திரை எங்கே போவது என்ற கேள்வி அதற்குப் பிறகு. சென்றடையும் வீட்டிலோ விடுதியிலோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டாயின், திரையைச் சுமக்க வேண்டியதில்லை.

கூட்டின் அளவு ஏட்டிலே சிறிதாகத் தோன்றும். கையிலே எப்படி இருக்கும் என்பதை அறிவதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பழைய காகித அட்டையை வெட்டி, வாங்க எண்ணிய கூட்டின் நீள அகல உயரத்துக்கு ஒரு பெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அதனுள்ளே அதே நிறைக்கு அரிசிப் பொதிகளை வைத்து, நாளும் எடுத்துச்செல்லும் பையிலே இட்டு, வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒருமுறை நடந்து பார்த்தாற் போதும்.