நூறு ரூபாய் நோட்டும் நாலு பேரும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பம் பத்திப் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இதிலும் கணக்கு உண்டு.

2008ல் நாங்கள் நாலு பேர், கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு. பரோட்டா அஞ்சு ரூபாய். ஆளுக்கு மூணு, ஆக 60. ரெண்டு ஆம்லெட் 16. நாலு டீ 12. மொத்தம் 88. மீதி பஸ்ஸுக்கு. சால்னா கணக்கிலேயே வராது, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். சால்னா இலவசம் என்பதால் இன்ஜினீயர் ஆனவர்கள் இந்த அரங்கில் பலர்!

இன்று காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். அந்த நோட்டு 2018ல் ஊதா நிறத்துக்கு மாறிவிட்டது. எஸ்டேட் பக்கத்துக் கடையில் மூணு பரோட்டா 45, ஆம்லெட் 20, டீ 12. ஒரு ஆளுக்கே 77. மிச்சத்தில் ரெண்டாவது ஆள் ஒரு பரோட்டாதான் சாப்பிடலாம்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வாங்குவது 19 கிலோ சிலிண்டர், மானியம் கிடையாது. 2022 மே மாதம் சென்னையில் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதம் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே பரோட்டாவின் விட்டம் குறைந்தது. வெர்னியர் வைத்து அளக்கவில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

என் கவலை வேறு. எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களில் சிலர் மதியம் டீயும் பன்னுமாக முடித்துக்கொள்கிறார்கள். ஒரு தம்பியிடம் கேட்டேன். "நோட்டை உடைச்சா அன்னிக்கே காலி சார்" என்றான்.

காமராஜர் 1956ல் மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவாக்கினார். 2022ல் காலை உணவும் வந்தது. ஆனால் பத்தாம் வகுப்போடு அந்தத் தட்டு நின்றுபோகிறது. தொழிற்சாலையில் கேன்டீன் வைக்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் 250 பேருக்கு மேல் வேண்டும் என்றது. 2020ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு அதை 100 ஆக்கியது. முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எந்தச் சட்டமும் சோறு போடாது. சென்னையில் 2013ல் வந்த அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது, அஞ்சு ரூபாய்க்கு சாம்பார் சாதம். அரை மணி நேர இடைவேளையில் காக்களூர்ப் பையன் அங்கே போய்வர முடியுமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கேன்டீனில் அளவுச் சாப்பாடு 60 ரூபாய். தினம் இருபது பேர், வருஷத்துக்கு 200 வேலை நாள் என்றால் 2,40,000 ரூபாய். நம்மில் 200 பேர் மாதம் ஒரு நூறு ரூபாய் நோட்டு கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அதே டோக்கனுக்குப் பொட்டலமாகக் கட்டித் தரலாம்.

யார் வாங்குகிறார்கள் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் வரக் கூடாது. போட்டோவும் வேண்டாம். டோக்கன் கேன்டீன் அண்ணாச்சியிடம் இருக்கட்டும். சாப்பிடாத முகம் எது என்று அவருக்குத் தெரியும்.

பின் வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பெயர் எழுதியாயிற்று.