ஒரு நாளைக்கு ஒரு சுற்று
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "இலட்சியம், கட்டுப்பாடு, கிறிஸ்தவ விசுவாசம்" என்று தலைப்பைக் கொடுத்தார். "ஏனுங்க, கட்டுப்பாட்டைப் பத்திப் பேச என்னையா கூப்பிடறீங்க? ஹாஸ்டல்ல காலை ஜெபத்துக்கு எத்தனை நாள் எந்திரிச்சு வந்தேன்னு உங்களுக்கே தெரியுமே" என்றேன். "தெரியுமுங்க, இருந்தாலும் வாங்க" என்றார். ஆகவே என்னைப் பற்றிப் பேச வரவில்லை. நம் கொங்கு நாட்டு மலை ஒன்றில் வாழ்ந்து மறைந்த ஒரு கிழவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறீர்கள். பிரசங்கமாக எடுத்துக் கொள்ளாதீர்கள். ஒரு மனுஷியின் கதையாகக் கேளுங்கள்.

பணி ஓய்வு பெற்றபின் மனைவியுடன் கொல்லிமலை போனேன். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவிலேயே என் வீட்டம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. அப்போது நினைத்துக் கொண்டேன்: இந்த ரோடே இல்லாத காலத்தில், 1913-ல், லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் படித்த ஈவ்லின் என்ற பெண், ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்து கொண்டு இந்த மலையில்தான் குடித்தனம் தொடங்கினார். அப்போது மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் ஏறத் தயங்கிய மலை.

அங்கே அவர்கள் சுவிசேஷம் சொன்னார்கள் என்பது தெரிந்த சங்கதி. பல வருஷங்கள் யாரும் காது கொடுக்கவில்லை என்பதும் சொல்ல வேண்டிய சங்கதி. அந்த வருஷங்களில் ஜெஸ்ஸி சும்மா இருக்கவில்லை. ஓராண்டு மருத்துவப் பயிற்சியை வைத்துக் கொண்டு வைத்தியம் பார்த்தார், தச்சு வேலை கற்றுக் கொடுத்தார், நரம்புச்சிலந்தியோடு மல்லுக்கட்டினார்.

இளைய தலைமுறைக்கு நரம்புச்சிலந்தி தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் போல உடம்புக்குள் வளர்ந்து, கால் வழியே கொப்புளம் உடைத்துத் தலை நீட்டும் புழு. இரண்டு மூன்று அடி நீளம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து போகும். உள்ளே நின்ற பாதி சீழ் பிடித்துக் காலையே கெடுக்கும். ஒரே வழி, தலையை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொண்டே வருவதுதான். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. வாரக் கணக்கில். அப்படி ஒவ்வொரு காலாக எடுத்துக் கொண்டே, ஜனங்கள் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் படிக்கிணறுகளுக்குச் சுவர் கட்டச் சொல்லியும் வந்தார் ஜெஸ்ஸி. ஏனென்றால் புழு இருக்கும் காலைத் தண்ணீரில் வைத்தால்தான் அது மறுபடி பரவும். இந்தியாவின் கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. ஜெஸ்ஸி அதைப் பார்க்கவில்லை. 1929 ஜூனில், 44-ம் வயதில், மலேரியா முற்றிய கறுநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்து போனார்.

அவர்களுடைய மகன்தான் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திய மருத்துவர். 1923-ல், ஒன்பது வயதில், தங்கையோடு படிப்புக்காக லண்டனில் விடப்பட்டார். அதன்பின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்து கொண்டே இருந்தனவாம். இந்த இடம் எனக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஊழியத்துக்காகக் குழந்தைகளை அப்படி விட்டுவரலாமா என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஈவ்லினுக்கு அப்போது 50 வயது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியுமாகச் செய்து கொண்ட பொருத்தனை. தனியாய்ப் போன பெண்ணை மலைக்கு அனுப்ப மிஷனுக்கு மனமில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. அந்த அம்மாள் முரண்டு பிடித்தாலும் கீழ்ப்படிந்து, கொடுத்த வேலையை வருஷக் கணக்கில் செய்தார். ஆனால் பொருத்தனையை மறக்கவில்லை. 1947-ல், 68 வயதில், மிஷன் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சந்தோஷமாக மலையேறிவிட்டார்!

அதற்கப்புறம் 27 வருஷம். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். மகன் பெரிய டாக்டர். இறங்கி வாம்மா என்று கெஞ்சியும் கேட்கவில்லை. ஒரு காலத்து ஓவியர், கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக் கொள்ளவில்லையாம். 1974-ல் 95 வயதில் காலமானார். மலைமேல் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். "பாட்டி பிராண்ட்" என்றுதான் பெயர்.

இப்படிப்பட்ட பிடிவாதக்காரியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது கஷ்டம்தான், ஒப்புக் கொள்கிறேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். இந்த அம்மாளுக்கு மனவலிமைப் பயிற்சி முகாம் எதுவும் கிடையாது. காலையில் ஜெபம், பிறகு எந்த ஊர், யாருக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தயத்தில் ஓடுகிறவனைச் சொல்கிறாரே, அதை நாம் நூறு மீட்டர் ஓட்டமாக நினைத்துக் கொள்கிறோம். அம்மாளுடையது குச்சியில் புழுவைச் சுற்றுகிற ஓட்டம். அவருக்குக் கடவுளிடம் சொன்ன வார்த்தை இருந்தது. அதனால் மிஷன் மறுத்த வருஷங்களிலும் அது காலாவதியாகவில்லை. நமக்கு நம்மிடமே சொன்ன வார்த்தைதான் இருக்கிறது. அதை நாமே தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

இங்கேதான் நான் மாட்டிக் கொள்கிறேன். 1985 பேர்வெல் முடிந்த ராத்திரி, மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஜெப அறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பொருத்தனை செய்தோம். வருஷத்துக்கு ஒரு ஏழைப் பையனுக்காவது இந்தக் கல்லூரியில் பீஸ் கட்டுவது என்று. "பேங்க் பரீட்சை எழுதப் போறவன் நீதானே" என்று என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். ஆறு பையன்களுக்குக் கட்டினோம். அப்புறம் ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தர் துபாய், எனக்கு வீட்டு லோன். யாரும் நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. நான் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பாஸ்புக்கில் கடைசி வரவு 1991 ஜூன். மீதி 412 ரூபாய். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த பாஸ்புக் என் பீரோவில் பைபிளுக்கு அடியிலேயே இருந்தது. வேறு எங்கேயாவது வைத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஐவரில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. அவர் மகள் இங்கே வந்திருக்கிறாள். ஒரு வாரம் முன்பு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அங்கிள், அப்பா பங்கு எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

பத்து வருஷம் தொடாத கணக்குப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும்; கணக்குக்காரன் கேட்டால் திரும்பக் கிடைக்கும். போன மாதமே மனுக் கொடுத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஜெப அறை இருந்த இடத்தில், இப்போது சைக்கிள் ஸ்டாண்ட், அங்கே பாஸ்புக்கோடு உட்கார்ந்திருப்பேன். மற்ற மூன்று பேரும் இந்த ஹாலில்தான் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.