பெருவிரலுக்கு ஏற்ற துளை

60 அடி தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்துவது பௌலிங் பந்து. அமெரிக்கக் கூடங்களில் எல்லாருக்கும் பொதுவான பந்தை எடுத்தால், பெருவிரல் துளை பெரும்பாலும் தளர்ந்திருக்கும். நழுவுமோ என்று இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிய கை உரிய நேரத்தில் விடாது. பந்து திசை மாறும். பழியோ எடைமேல்! அதே 14 பவுண்டுப் பந்தை நம் கைக்கு அளவெடுத்துத் துளையிட்டால், இலேசாகத் தோன்றும். துளையிடுபவர், தையற்காரரைப் போல, விரல்களின் பருமனையும் இடைவெளியையும் முதலில் அளப்பார்.

துளையின் விளிம்பு ஓயாமல் அழுத்தினால் பெருவிரல் நரம்பு தடித்து, விரல் மரத்துப்போகும். ‘பௌலர் பெருவிரல்’ என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கின்றனர். வலிக்கிறது என்னும் பிள்ளையிடம், ‘பழகினால் சரியாகும்’ என்கிறோம் நாம். மருத்துவரோ கைக்கு ஓய்வு கொடுத்து, துளையைத் திருத்தச் சொல்கிறார்.