வாசல் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு



ரவிக்கைத் துணி எடுக்கப் போகும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் புதுச் சேலை இருக்கும். கடைக்காரர் ஒரே பச்சையில் பத்துத் துணிகளை எடுத்துப் பரப்புவார். "இதுதாம்மா கரெக்டான மேட்ச்" என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் அவரை நம்ப மாட்டார்கள். சேலையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்குப் போவார்கள். பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "இதுல கொஞ்சம் மஞ்சள் அடிக்குது. நீலம் அடிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க" என்பார்கள்.

மஞ்சள் அடிக்கிறது, நீலம் அடிக்கிறது. எவ்வளவு நுட்பமான பேச்சு! ஒரு நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் கண் நம் பெண்களுக்குச் சிறு வயதிலேயே பழகிவிடுகிறது. அதே பெண்கள் லிப்ஸ்டிக் வாங்கப் போனால் மட்டும் அந்தக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண் எதை நீட்டுகிறாளோ அதை வாங்கி வந்துவிடுகிறார்கள். மாநிறப் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இன்று அவர்களுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

நானும் மாநிறம்தான். என் அண்ணன் கல்யாணத்துக்கு முதன்முதலாக லிப்ஸ்டிக் வாங்கப் போனபோது எனக்கு 23 வயது. விற்பனைப் பெண் வெளிர் ரோஸ் ஒன்றை எடுத்தாள். ரோஸ் மில்க்கில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினால் வருமே, அந்த நிறம். "அக்கா, இது போட்டா கொஞ்சம் கலரா தெரிவீங்க" என்றாள். வாங்கிவிட்டேன். கல்யாணப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அரக்குப் பட்டு, கழுத்தில் தங்கம், தலை நிறைய மல்லிகை. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளைப் போல வெளிறிய உதடு.

'கலரா தெரிவீங்க' என்ற அந்தச் சொல்லை நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். நம் பேச்சுத் தமிழில் கலர் என்றாலே வெளுப்பு என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் மாநிறமும் கறுப்பும் நிறமே இல்லையா? சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் அது. சித்திரைக்கு முன் மாமரம் துளிர்க்கும்போது பாருங்கள், செம்பும் பழுப்பும் கலந்து ஒரு மினுமினுப்பு. தலைவன் பிரிந்து போனால் அந்த நிறம் கெட்டு மேனி வெளிறும். அதைப் பசலை என்றார்கள், நோயாகவே பாடினார்கள். காசு கொடுத்துப் பசலையை வாங்கி உதட்டில் பூசிக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வெளிர் நிறம் மாநிறத்தில் ஏன் அப்படித் தெரிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. எந்த நிறத்தையும் வெளிற வைக்க லிப்ஸ்டிக்கில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியைச் சேர்க்கிறார்கள். அது தன்மேல் படும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மெலனின் நிறைந்த தோலின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழுந்தால் அது வெள்ளையாகத் தெரியாது, சாம்பல் பூத்தாற்போல் தெரியும். சில சன்ஸ்கிரீன்களைப் பூசியதும் முகம் சாம்பலாகிறதே, அதே சங்கதிதான். ஆகவே மாநிறத்துக்கு முதல் எச்சரிக்கை, பால் கலந்தாற்போன்ற நிறங்களிடம்தான். ஆழமாக இருக்கலாம், பளிச்சென்றும் இருக்கலாம். பால் மட்டும் வேண்டாம்.

அடுத்து, உங்கள் மாநிறத்தில் என்ன அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் தோலில் பலருக்கு நரம்பே தெளிவாகத் தெரியாது. அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். நம் வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது. நாம் தங்கத்தை மேலேயும் வெள்ளியைக் காலிலும் போடுகிறவர்கள். கால் கொலுசைக் கழற்றிக் கழுத்தருகே ஒரு பக்கம் பிடியுங்கள், மறுபக்கம் தங்கச் சங்கிலி. காலை வெளிச்சம் வேண்டும், முகத்தில் மஞ்சளோ பவுடரோ இருக்கக்கூடாது. வெயில் பட்டுக் கறுத்த கையைப் பார்க்காமல் தாடைக்குக் கீழே கழுத்தைப் பாருங்கள். தங்கம் தோலோடு கலந்து ஒளிர்ந்து, வெள்ளி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் உங்கள் தோலில் மஞ்சள் அடிக்கிறது. இரண்டும் பொருந்தினால் இடைப்பட்டவர். உங்களுக்குக் கவலை குறைவு. வெள்ளிதான் எடுப்பு என்றால் நீலச் சாயலுள்ள மாநிறம். மாநிறத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் தூய வெள்ளைத் துணி ஒன்றையும் சந்தனக் கலர் துணி ஒன்றையும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பாருங்கள். சந்தனத்தில் முகம் தெளிந்தால் மஞ்சள்தான்.

மஞ்சள் அடிக்கும் மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு? எனக்கு உடனே எங்கள் ஆச்சியின் உதடுதான் நினைவுக்கு வருகிறது. ஆச்சி தன் வாழ்நாளில் லிப்ஸ்டிக்கைத் தொட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்ததும் சிவந்துபோகும். கொஞ்ச நேரத்தில் அவள் உதடு செங்கல்லும் மாதுளையும் கலந்த ஒரு சிவப்பாகிவிடும். அவளுடைய மாநிறத்துக்கு அப்படியொரு பொருத்தம்! பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று இன்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்கிறது. அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். அந்த நிறத்தை மட்டும் ஆச்சியிடமிருந்து வாங்கிக்கொள்வோம்.

அந்தச் சிவப்புக்கு லிப்ஸ்டிக்கில் ஈடாக இருப்பது இரும்பு ஆக்ஸைடு. செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் நிறம் தருவது அதுதான். செங்கல் சிவப்பு, துருச் சிவப்பு, பழுப்புச் சிவப்பு எல்லாவற்றிலும் பெரும்பாலும் அது இருக்கும். இன்னொரு புறம் கார்மைன் என்ற சிவப்பு. சப்பாத்திக் கள்ளியில் வாழும் காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. இதில் நீலம் அடிக்கும். இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இதை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். நல்ல சாயம் தரும் இனம் வாய்க்காததால் அந்த முயற்சி நிலைக்கவில்லை.

லிப்ஸ்டிக் பெட்டியின் பின்பக்கம் இந்தச் சாயங்களைக் குறிக்கும் சில எண்கள் பொடி எழுத்தில் இருக்கும். 77491 என்றால் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. 77492 அதிலேயே மஞ்சள். 75470 கார்மைன், சைவம் மட்டுமே என்று இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளலாம். 77891 நான் சொன்ன வெள்ளைப் பொடி. எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அந்த எண்கள் சொல்லாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

கண்ணுக்கு உதவியாக நம் சேலைக் கடைப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லிப்ஸ்டிக் வாங்கும் மாநிறப் பெண் யார் கேட்டாலும் நான் மருதாணிச் சிவப்பைத்தான் சொல்வேன். மருதாணி கழுவியதும் ஆரஞ்சாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் ஆழ்ந்து பழுப்புச் சிவப்பாகிறது அல்லவா? அந்த இரண்டுக்கும் இடையில் வரும் ஒவ்வொரு நிறமும் மஞ்சள் அடிக்கும் தோலுக்கு உறவு. விரல் நுனியில் அது உங்களோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அதற்கு அடுத்தது மிளகாய்ப் பழச் சிவப்பு. நல்ல நாளுக்கும் கல்யாணத்துக்கும் துணிந்து போடலாம். கோவைப்பழம் போன்ற இதழ் என்று புலவர்கள் பாடியதும் இப்படி லேசாக ஆரஞ்சு அடிக்கும் சிவப்பைத்தான். வேலியில் பழுத்துத் தொங்கும் கோவைப்பழத்தை ஒருமுறை பறித்துப் பார்த்தால் தெரியும். இரவு விசேஷத்துக்கு அரக்கு.

பவள நிறம் பொருந்துமா என்று பலர் தயங்குகிறார்கள். கனகாம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கறுத்த கூந்தலில், மாநிறக் கழுத்துக்கு மேலே அந்தப் பூ எப்படி எரிகிறது! அந்த அளவு அழுத்தமான பவளம் என்றால் அழகு. வாடி வெளுத்த பவளம் என்றால் விட்டுவிடுங்கள். ராணி கலர் நீலம் அடிப்பதுதான். ஆனாலும் அதன் அழுத்தத்தால் மாநிறத்தில் அருமையாக நிற்கும். அன்றைக்குக் கண்ணுக்கு மை மட்டும் போதும். கத்தரிப்பூ கலரை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. சேலையில் எனக்கு மிகப் பிடித்த நிறம் அது. உதட்டில் குளிரில் விறைத்தாற்போல் காட்டுகிறது.

நியூட் என்று ஒரு வகை விற்கிறார்கள். போட்டதே தெரியாத நிறம் என்று பொருள். யாருடைய உதட்டில் தெரியாத நிறம் என்று கேட்க வேண்டும். வெளுத்த தோலுக்காகச் செய்த நியூட் நமக்கு மாவு பூசியது போல் ஆகிவிடும். நமக்கு நியூட் என்றால் வெல்லம், கருப்பட்டி, இலவங்கப்பட்டை, டிகாக்ஷன் தூக்கலாகப் போட்ட காப்பி. உங்கள் உதட்டின் சொந்த நிறத்தைவிட ஒரு படி ஆழமாக, கொஞ்சம் சிவப்பு எட்டிப்பார்க்கிறாற்போல் எடுங்கள். அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

உதட்டின் சொந்த நிறம் என்றேன். நம்மில் பலருக்கு மேலுதடு கறுத்தும் கீழுதடு சற்றுச் சிவந்தும் இருக்கும். அது இயல்பு, குறையல்ல. லிப்ஸ்டிக் அந்த நிறத்தோடு கலந்துதான் வெளியே தெரியும். அதனால்தான் அக்காவுக்கு எடுப்பாக இருக்கும் குச்சி தங்கைக்கு வேறு நிறமாகிவிடுகிறது. இரண்டு உதடும் ஒன்றுபோல் வேண்டுமென்றால், பழுப்பு நிற லிப் பென்சிலைக் கீழுதட்டில் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே நிறத்தைப் பூசுங்கள். கறுத்த உதட்டை மறைக்கக் கன்சீலரைப் பூசும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அது மறுபடியும் அந்தச் சாம்பலைத்தான் கொண்டுவரும்.

கடையில் புறங்கையில் கோடு போட்டுப் பார்ப்பது பயன் தராது. புறங்கை வெயிலில் கறுத்தது, உதட்டுக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. விரல் நுனியின் உள்பக்கத்தில் தடவி, அதை உதட்டருகே பிடித்துப் பாருங்கள். பலர் தொட்ட மாதிரிக் குச்சியை நேராக வாயில் வைக்காதீர்கள். பிறகு வாசலுக்குப் போங்கள். கடைக்குள் எரியும் வெள்ளை விளக்கு எல்லாச் சிவப்பையும் ஒன்றாக்கிவிடும். செல்போனில் படம் பிடித்து முடிவு செய்யவும் வேண்டாம், அது தன் விருப்பத்துக்கு நிறத்தைத் திருத்தும். உதட்டில் பட்டதும் ஈரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வகையும் உண்டு. பெரும்பாலும் அவை நீலம் அடிக்கும் ரோஸில்தான் போய் நிற்கும். மருதாணிச் சிவப்பு தேடுகிறவர்கள் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

உதட்டில் பூசுவது கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத சரக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். சேர்க்கும் சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டு விதி இருக்கிறது. பெயரில்லாச் சரக்கில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? வெயில் காலத்தில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள். மெழுகும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்து செய்தது, குழைந்துவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் வீட்டில் அந்த ரோஸ் மில்க் குச்சி ஒன்று கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கிப் போட வேண்டாம். உதட்டு ஓரத்தில் காப்பி நிறப் பென்சிலால் வரைந்து, உள்பக்கமும் அதையே தேய்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்மேல் நடுவில் மட்டும் அந்த ரோஸை ஒரு தொடு தொட்டு, இரண்டு உதட்டையும் ஒட்டி எடுங்கள். வெங்காயக் கலர் பட்டு ஒன்று உண்டே, ஏறக்குறைய அந்த நிறம் வரும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒருமுறை பாருங்கள்.